முள்ளுக்குப் பரிசு

நம் பக்கத்தில் பல வீடுகளின் வாசல் நிலைக்கு மேலே ஒரு கற்றாழை தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். திருஷ்டிக்காகக் கட்டியது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் மாதக்கணக்கில் அது சாவதில்லை. திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, அந்தச் செடியின் வைராக்கியத்துக்குக் கீழே குனிந்துதான் நாம் தினமும் ஆபீசுக்குப் போகிறோம்.

இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியைச் சமாளிக்கும் இத்தகைய செடிகளுக்குச் சதைப்பற்றுச் செடிகள் என்று பெயர். வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இந்தக் கூட்டந்தான். சப்பாத்திக்கள்ளியும் நீரைச் சேமிப்பதுதான். ஆனால் அதன் குலம் வேறு. அது அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, நம் புறம்போக்கில் பட்டா வாங்கிக்கொண்டது. பஞ்சுப் பொட்டுப் போன்ற ஒரு சிறு மெத்தையிலிருந்து முள் கிளம்பினால் அது அமெரிக்கக் குலம். அந்த மெத்தை இல்லாமல், கீறினால் பால் வடிந்தால் அது நம் ஊர்க் கள்ளி. பாலைத் திணையைப் பாடிய நம் பழம் புலவர்கள் கண்ட கள்ளி இந்த இரண்டாவது வகை. நள்ளிரவில் பூத்து, அக்கம்பக்கத்தாரையெல்லாம் எழுப்பி அழைத்துக் காட்ட வைக்கிறதே, நாம் ‘பிரம்ம கமலம்’ என்று சொல்லும் தொட்டிச் செடி, அதுவும் மெக்சிகோ பக்கத்துக் காட்டிலிருந்து வந்த அமெரிக்கக் குலத்துக் கள்ளிதான். முள் மட்டும் இல்லை.

இந்தச் செடிகளை மேஜைமேல் வரிசையாக வைத்து, நடுவர் வந்து பார்த்து, முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று அட்டை வைத்துவிட்டுப் போகும் போட்டிகள் உலகில் நடக்கின்றன என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். “ரோஜாவுக்குப் பரிசு, சரி. கள்ளிக்கு எதற்கையா பரிசு? அது என்ன செய்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனபோது, பரிசின் கதையோடு ஒரு திருட்டின் கதையும் சேர்ந்தே கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பியச் சீமான்களுக்குக் கள்ளிப் பித்துப் பிடித்தது. கண்ணாடி வீடு கட்டி, அடுப்பு மூட்டி, குளிர் தேசத்தில் பாலைவனத்தை வளர்த்தார்கள். ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரில் 1822-இல் ஃபிரீட்ரிக் அடால்ஃப் ஹாகே தொடங்கிய தோட்டம் தலைமுறை தலைமுறையாகக் கள்ளி விற்று, இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே நடக்கிறது. சித்திரக்காரர் கார்ல் ஷ்பிட்ஸ்வெக் தம் கண்ணில் பட்ட மனிதர்களைக் கேலியும் பரிவுமாகத் தீட்டுகிறவர். தம் கள்ளியின் முன் நின்று அதையே உற்றுப் பார்க்கும் ஒரு பெரிய மனிதரை அவர் வரைந்திருக்கிறார். ஊருக்கு ஒருவராவது அப்படி இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேலி யாருக்கும் புரிந்திருக்காது.

மாக்டெபுர்க் நகரத்து ஹெர்மன் குருஸோன் இன்னொரு விசித்திரப் பிறவி. பீரங்கிக் குண்டு துளைக்காத இரும்புக் கவசம் வார்ப்பது அவர் தொழில். ஓய்வு நேரத்தில் அவர் நேசித்ததும் கவசம் தரித்த செடிகளைத்தான். அவருடைய சேகரிப்பு ஐரோப்பா எங்கும் பேர் பெற்றது. அவர் 1895-இல் காலமான பிறகு அது நகரத்துக்குச் சேர்ந்து, 1896-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பொன்னிற முட்களோடு உருண்டையாக, உட்காரக் கூப்பிடுவது போல் இருக்கும் ஒரு கள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஐரோப்பியர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ‘மாமியார் ஆசனம்’. மருமகள், மாமியார் விஷயத்தில் உலகம் ஒரே குடும்பம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தப் பித்து எப்படிப்பட்டது என்பதைக் கியூ தோட்டத்தில் நடந்த ஒரு சம்பவம் காட்டும். 1840-களின் நடுவில் வில்லியம் ஹூக்கர் அங்கே தலைவராக இருந்தார். மெக்சிகோவில் சான் லூயிஸ் பொட்டோசி நகரில் இருந்த ஸ்டெயின்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருக்கு ஒரு பீப்பாய்க் கள்ளியை அனுப்பி வைத்தார். எடை 713 பவுண்டு. மேட்டுநிலத்திலிருந்து துறைமுகத்துக்கு இறக்கி, கடலைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அத்தோடு ஆசை நிற்குமா? அடுத்து இன்னும் பெரியது ஒன்று வந்தது. எடை ஒரு டன். வெளித் தோற்றத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வழியில் பட்ட அடி உள்ளே வேலை செய்திருந்தது. உள்ளுக்குள் அழுகி அது செத்துப் போயிற்று. ஒரு டன் எடைக்கு வளர அதற்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று யாராவது அன்று கணக்குப் பார்த்தார்களா, தெரியாது. பெரியதாக இருக்கிறது, கொண்டு வா. அன்றைய மனப்பாங்கு அவ்வளவுதான்.

சீமான்கள் போய்ச் சங்கங்கள் வந்தன. ஜெர்மானியக் கள்ளிச் சங்கம் 1892-இல் ஏற்பட்டது. அமெரிக்கச் சங்கம் 1929-இல் கலிபோர்னியாவில் பிறந்தது. இங்கிலாந்தில் 1931-இல் ஒரு சங்கம், 1945-இல் இன்னொரு சங்கம், இரண்டும் தனித்தனியே நடந்து, 1983-இல் ஒன்றாகி பிரிட்டிஷ் கள்ளி மற்றும் சதைப்பற்றுச் செடிச் சங்கம் ஆயிற்று. சங்கம் என்று ஒன்று வந்துவிட்டால் கூட்டம் உண்டு, தேநீர் உண்டு, செயலாளர் மேல் குறை சொல்வது உண்டு. போட்டி மட்டும் இல்லாமல் போகுமா? குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஜன்னல் விளிம்பில் வளர்த்த செடியைத் துணியில் சுற்றி, கூடையில் வைத்து, பஸ் ஏறிக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும் காலம் வந்தது.

அந்த மேஜையின் நியமங்கள் கர்நாடகக் கச்சேரியின் நியமங்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த இனம், எத்தனை செடி, தொட்டியின் வாய் எத்தனை அங்குலம் என்று முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். கால் அங்குலம் கூடினாலும் போயிற்று. ‘அட்டவணைப்படி இல்லை’ என்று நடுவர் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். செடி தேவலோகத்துச் செடியாக இருக்கட்டுமே, அப்பீல் கிடையாது.

முதல்நாள் இரவு வளர்ப்பவர் வீட்டில் கல்யாண வீட்டுக் களை. சித்திரம் வரையும் தூரிகையால் முள்ளுக்கு முள் தூசி தட்டுவார்கள். சிறு இடுக்கியால் காய்ந்த பூவை எடுப்பார்கள். மாவுப்பூச்சி ஒன்று ஒளிந்திருந்தால் சாராயத்தில் நனைத்த பஞ்சு நுனியால் தொட்டு எடுப்பார்கள். தொட்டியைக் கழுவித் துடைத்து, மண்ணின் மேல் ஒரே அளவான பொடிக்கல்லைப் பரப்பி, பெயர்ச் சீட்டைச் செருகுவார்கள். வீட்டுக்காரருக்கு முகம் மழிக்க நேரம் இருக்காது. கள்ளிக்கு மட்டும் சர்வாலங்காரம்.

மறுநாள் செடிகளை வைத்துவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும். நடுவரும் உதவியாளரும் மட்டும் உள்ளே. அவர் என்ன பார்க்கிறார்? முதலில் ஆரோக்கியம். பூச்சி உண்டா, தழும்பு உண்டா, வெளிச்சத்துக்காக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, வெயில் போதாமல் நடுவில் கழுத்து ஒடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு வருஷம் அசட்டையாக இருந்தால்கூட அந்த வருஷத்தின் கோணல் செடியின் உடம்பில் எழுதப்பட்டுவிடும். பிறகு அழிக்க முடியாது. அடுத்து முதிர்ச்சி: அந்த இனம் எட்ட வேண்டிய உருவத்தை எட்டியிருக்கிறதா? அதன்பின், வளர்ப்பதற்கு எவ்வளவு கடினமானது, எவ்வளவு அரியது, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம். பூவுக்கு இந்தச் சபையில் பெரிய மரியாதை இல்லை. இரண்டு செடிகள் சரிசமமாக இருந்தால் பூ கொஞ்சம் கைகொடுக்கும். பூ இன்று வரும், நாளை போகும். உடம்பைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நடுவர் மதிப்பெண் போடுவது செடிக்கா, காலத்துக்கா என்ற சந்தேகம் வரும். என் நண்பரின் கேள்விக்கு இதுதான் பாதி விடை. ஒரு மனிதன் இருபது வருஷம் ஒரு சிறிய பொருளின் மேல் சிரத்தையாக இருந்தான் என்பதற்கு அந்தச் செடி அத்தாட்சி. நான் ஒரு கள்ளியை வாங்கி வந்து, அன்பு மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றி ஆறே வாரத்தில் கொன்றவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு அனுபவ ஞானம் உண்டு. அன்பு சுலபம். சும்மா இருக்கத் தெரிவதுதான் கஷ்டம்.

இனி மீதிப் பாதி.

1960-களில், 1970-களில் நடந்த ஒரு போட்டியை மனத்தில் நினைத்துப் பாருங்கள். ஒரே இனத்துக் கள்ளிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சின்னது, இதை வைத்தவர் விதை போட்டு, பதினைந்து வருஷம் காத்திருந்து வளர்த்தவர். இன்னொன்று பெரியது. சாம்பல் பூத்த தோல், தேய்ந்து கறுத்த முள், அடியில் மரப்பட்டை போல் இறுகிய முதுமை. வெயிலும் மணலும் காற்றும் செதுக்கிய உடம்பு. அதை வைத்தவர் அதைப் போன வருஷம் ஒரு வியாபாரியிடம் விலை கொடுத்து வாங்கினார். வியாபாரிக்கு மெக்சிகோவிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். அங்கே யாரோ ஓர் ஏழைக் குடியானவன் கடப்பாரையால் பெயர்த்தது. முதிர்ச்சிக்குத்தானே மதிப்பெண்? பரிசு எதற்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தவறு நடுவருடையது அல்ல. அவர் கண்முன் இருப்பதைத்தான் அவர் பார்க்க முடியும். ஆனால் காலத்துக்குப் பரிசு என்று வந்துவிட்டால், காலத்தைச் செலவழிக்காமலே காலத்தை வாங்க வழி தேடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். பாலைவனம் நூறு வருஷம் வளர்த்ததைப் பணம் ஒரு நாளில் தொட்டிக்குக் கொண்டுவந்துவிடும். ‘உயிருள்ள பாறை’ என்று செல்லமாகச் சொல்வார்களே, அரியோகார்ப்பஸ் என்ற மெக்சிகோ நாட்டு இனம், அது இதற்குக் கண்கண்ட உதாரணம். கல்லோடு கல்லாகத் தரையில் பதுங்கியிருக்கும். ஆடு மாடு கண்ணுக்கு அகப்படாமல் இருப்பதற்காக அது எடுத்த வேஷம் அது. மனிதன் கண்ணுக்கு அதுவே கவர்ச்சி ஆயிற்று. அதில் ஒரு வகைக்குக் கொச்சுபே என்ற ரஷ்யப் பிரபுவின் பெயர் இருக்கிறது. செடியைக் கண்டெடுத்த குடியானவன் பெயர் எந்தச் செடிக்கும் இல்லை.

சட்டம் வழக்கம்போல் தாமதமாக வந்தது. அருகிவரும் காட்டுயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-இல் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய கள்ளிக் குலம் முழுவதையும் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். அரியோகார்ப்பஸ் போன்ற சில இனங்களைக் காட்டிலிருந்து பெயர்த்து விற்பதையே தடுத்தார்கள். இங்கிலாந்தும் இந்தியாவும் 1976-இல் சேர்ந்தன. கள்ளிகளின் தாய்வீடான மெக்சிகோ 1991-இல்தான் சேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பெட்டிகள் கடல் கடந்துவிட்டன.

சட்டம் வந்தால் திருட்டு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் கதை எழுதலாம், சரித்திரம் எழுதக் கூடாது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் சாகுவாரோ தேசியப் பூங்காவில், ராட்சதக் கள்ளிகளின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்னணு வில்லையைச் செலுத்தி அடையாளம் வைக்க வேண்டியதாயிற்று. வீட்டு முற்றத்து அலங்காரத்துக்காகப் பெயர்த்துப் போகிறார்களாம். 2020-ஆம் ஆண்டில் இத்தாலியில் செனிகாலியா என்ற கடற்கரை ஊரில் போலீசார் ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளிகள் அகப்பட்டன. எல்லாம் தென் அமெரிக்காவில் சிலி தேசத்து அட்டகாமா பாலைவனத்திலிருந்து பெயர்த்து வந்தவை. அவற்றில் கோப்பியாபோவா என்ற இனம் மிகுதி. மழையே காணாத அந்தக் கரையில் கடலிலிருந்து வரும் மூடுபனியைக் குடித்துப் பிழைப்பது அது. அதன் தோலில் படியும் வெண்சாம்பல் பூச்சு, குளிர் தேசத்துக் கண்ணாடி வீட்டில் விதை போட்டு வளர்த்தால் அப்படி லேசில் வராது. அந்தச் சாம்பலுக்காகத்தான் இவ்வளவும்! சில செத்துப் போயின. 844 செடிகள் 2021-இல் சிலிக்குத் திரும்பின. களவு போன நகை வீடு திரும்புவது போலத்தான். ஆனால் நகைக்கு வேர் இல்லை.

1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2015-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 31 இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. காட்டை உழுவதும் மேய்ப்பதும் கட்டடம் கட்டுவதும் காரணங்கள். அவற்றோடு, செடியை நேசிக்கிறவர்களுக்காக நடக்கும் திருட்டும் முக்கியமான ஒரு காரணம். நேசிக்கிறவர்களுக்காக என்ற சொல்லைப் படித்தபோது எனக்குச் சிறிது நேரம் பேனா ஓடவில்லை.

ஆனால் இந்த நேசிக்கிறவர்களிடமிருந்தேதான் பரிகாரமும் வந்தது. சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு விதைப் பட்டியல் அனுப்பத் தொடங்கின. போட்டிகளில், ‘காட்சிக்கு வைப்பவரே விதை போட்டு வளர்த்தவை’ என்று தனிப் பிரிவுகள் வந்தன. இன்ன வருஷத்துக்குப் பிறகு விதைத்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் உண்டு. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது ஒரு சின்ன விதி. ஆனால் கடப்பாரைக்குக் கதவைச் சாத்திய விதி இது. பெரியது, பழையது என்ற பெருமைக்குப் பக்கத்தில், ‘இது என் கையில் முளைத்தது’ என்ற பெருமைக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

விதை போடுவது என்றால் கீரை விதைப்பது போல் அல்ல. கடுகைவிடச் சிறிய விதையைப் பொடிமண்ணில் தூவி, ஈரம் போகாமல் மூடி வைத்தால், பச்சை மணிகளாக முளை வரும். அரியோகார்ப்பஸ் ஒன்றிரண்டு வருஷத்தில் பட்டாணி அளவு ஆனால் பெரிய காரியம். அது பூக்கப் பத்து வருஷம் ஆனாலும் ஆகும். சாகுவாரோ இயற்கையில் முதல் எட்டு வருஷத்தில் வளர்வது ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். முதல் பூ வருவதற்கு முப்பத்தைந்து வருஷம் ஆகலாம். கிளை விட ஐம்பது, எழுபத்தைந்து, நூறு வருஷம்கூட. ஐம்பது வயதில் இதை விதைக்கிறவனை உலகம் என்ன சொல்லும்? தென்னம்பிள்ளை வைக்கும் தாத்தாவை நாம் என்ன சொல்கிறோமோ அதைத்தான்.

விதையினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு மாமியார் ஆசனமே பதில். மெக்சிகோவில் அது வாழ்ந்த பள்ளத்தாக்கின் ஒரு பகுதி 1990-களில் சிமாப்பான் அணையின் நீரில் மூழ்கிப் போயிற்று. காட்டில் அது அபூர்வமாகிவிட்டது. ஆனால் விதையிலிருந்து வளர்ந்த லட்சக்கணக்கான செடிகள் இன்று உலகம் முழுவதும் ஓட்டல் வாசல்களிலும் பூங்காக்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர் நர்சரிகளில்கூடக் கைக்கு அடக்கமான தொட்டியில் கிடைக்கிறது. இதனால் காட்டின் இழப்பு ஈடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொட்டியில் இருப்பது காடு ஆகாது. ஆனால் இதற்காக இனி ஒருவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதில்லை.

என் நண்பரிடம் திரும்பப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “நடுவருக்கு எப்படித் தெரியும் இது விதையா, திருட்டா என்று? பெயர்ச் சீட்டில் பொய் எழுதினால்?” என்றார்.

எழுதலாம். தடுக்க முடியாது. ஆனால் கள்ளியிடம் ஒரு குணம் உண்டு. கண்ணாடி வீட்டில் ஒழுங்காக வளர்ந்த செடிக்கு அடியிலிருந்து நுனிவரை ஒரே சீரான முள் இருக்கும். காட்டிலிருந்து வந்ததற்கு அடிப்பாகம் ஒரு மாதிரி, இங்கே வந்தபின் வளர்ந்த நுனி வேறு மாதிரி. பழகிய கண்ணுக்கு அந்தச் சந்திப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். இடம் மாறிய கதையைச் செடி தன் உடம்பிலேயே சொல்லிவிடுகிறது.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த விதை எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு பழைய இனிப்பு டப்பா, மேலே கண்ணாடி. உள்ளே கடுகளவு பச்சைப் புள்ளிகள் பதினேழு. ஐஸ்கிரீம் குச்சி ஒன்றில் பென்சிலால் அவர் தேதி எழுதிச் செருகியிருந்தார். செடியின் பெயரைக் கேட்டேன். பாக்கெட்டைத் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். தேதியை மட்டும் தேடாமலே சொன்னார்.